லெவலர்களும் அவர்கள் போட்ட பிரசுரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் லெவலர்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சொல்லிப் பாதி விட்டுப்போகிறது, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

யார் இவர்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1640-களில், ராஜா முதலாம் சார்ல்ஸுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், லண்டனிலும் ராணுவத்திலும் இருந்து கிளம்பிய ஒரு கூட்டம். ஜான் லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்டன், வில்லியம் வால்வின் என்ற மூவர்தான் முக்கியமான பேனாக்கள். ஜான் வைல்ட்மேன், தாமஸ் பிரின்ஸ், ராணுவத்தில் எட்வர்ட் செக்ஸ்பி, கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ என்று இன்னும் சிலர் உண்டு. அதிகாரம் மக்களுடையது, பார்லிமெண்ட் அதை மக்கள் சார்பில் வைத்திருக்கிறது, வைத்திருப்பதற்கும் ஒரு கெடு உண்டு, எல்லை உண்டு. இதைத்தான் ஐந்தாறு வருஷம் விடாமல் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பிரசுரம் என்றால் நம் ஊர் பிட் நோட்டீஸ் மாதிரியா?

இல்லை, கொஞ்சம் பெரியது. ஒரு முழுத்தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து இரண்டு முறை மடித்து வெட்டினால் 8 பக்கம் வரும். அப்படி ஒரு தாள், இரண்டு தாள், சில சமயம் ஏழெட்டுத் தாள்களைச் சேர்த்து முதுகில் நூல் போட்டுத் தைத்துவிட்டால் பிரசுரம் தயார். அட்டை கிடையாது. கையால் இழுக்கும் மர அச்சு எந்திரம் ஒன்று, எழுத்துக் கோக்க ஓர் ஆள், மை தடவ ஓர் ஆள் இருந்தால் சில நாட்களில் ஆயிரம் பிரதி வரை போட்டுவிடலாம். விலையும் சில்லறைக் காசுதான், ஒரு கைத்தொழில்காரன் வாங்கக்கூடியது. வாங்க முடியாதவனுக்குச் சாராயக்கடையில் யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள்.

இவை இன்றைக்கும் நம் கைக்குக் கிடைப்பதற்கு ஒரு புத்தக வியாபாரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஜார்ஜ் தாமசன் என்பவர் 1640 தொடங்கி 1661 வரை லண்டனில் கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 22,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் சேர்ந்தன. பலவற்றின் முகப்பில் அது கைக்கு வந்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார், எந்தப் பிரசுரம் எந்த வாரம் வந்தது என்று நாம் இன்று சொல்ல முடிவது அந்தக் கையெழுத்தால்தான். லெவலர் கொள்கையோடு அவருக்கு ஒட்டுறவு எதுவும் இல்லை. சேர்க்கும் பைத்தியம், அவ்வளவுதான்.

தணிக்கை இல்லையா?

இருந்தது, கடுமையாகவே. 1637-இல் ஸ்டார் சேம்பர் என்ற ராஜாவின் நீதிமன்றம் ஓர் ஆணை போட்டு, லண்டனில் யார் அச்சடிக்கலாம், யார் கூடாது என்று எண்ணி வைத்துவிட்டது. 1641-இல் பார்லிமெண்ட் அந்த நீதிமன்றத்தையே ஒழித்ததும் மடை திறந்துகொண்டது. சரி, சுதந்திரம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1643 ஜூனில் அதே பார்லிமெண்ட் தன் பெயரில் ஒரு உரிம ஆணையைப் போட்டது, அனுமதி வாங்காமல் எதையும் அச்சடிக்கக்கூடாது என்று. பூட்டு பழசுதான், சாவி மட்டும் கை மாறியது.

ஜான் லில்பர்ன் யார்? எங்கே பார்த்தாலும் அவர் பெயர்தான் வருகிறதே?

துணி வியாபாரி ஒருவரிடம் தொழில் பழகிய பையன். 1637 கடைசியில், ஹாலந்தில் அச்சடித்த தடைசெய்யப்பட்ட புத்தகங்களைக் கடத்தி வந்தார் என்று பிடித்தார்கள். ஸ்டார் சேம்பரில் முதலில் சத்தியம் செய்யச் சொல்வார்கள்: எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்கிறேன் என்று. என்ன குற்றச்சாட்டு, என்ன கேள்வி என்று எதுவும் தெரியாமலே சத்தியம் செய்துவிட வேண்டும், அப்புறம் உன் வாயாலேயே உன்னைக் கட்டுவார்கள். லில்பர்ன் மாட்டேன் என்றார். 1638 ஏப்ரலில் ஃபிளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி, முடிச்சுப் போட்ட சாட்டையால் வழி நெடுக அடித்துக்கொண்டே போனார்கள். போய்ச் சேர்ந்ததும் கழுத்தைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். மனிதர் அங்கேயிருந்தே சட்டைப்பையிலிருந்த பிரசுரங்களை எடுத்துக் கூட்டத்தின் மேல் வீசிக்கொண்டு பேச ஆரம்பித்தார். வாயில் துணியடைத்தார்கள். காலால் மரத்தை உதைத்துச் சத்தம் எழுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று, இருபத்துநான்கு இருக்கும்.

1640-இல் பார்லிமெண்ட் கூடியதும் அவரை விடுதலை செய்யச் சொல்லிப் பேசியவர் ஆலிவர் கிராம்வெல் என்ற உறுப்பினர், பின்னாளில் ராணுவத் தளபதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

போர் வந்ததும் லில்பர்ன் பார்லிமெண்ட் பக்கம் நின்று சண்டை போட்டார், ராஜா தரப்பிடம் கைதியாகச் சிக்கினார், கைதி மாற்றத்தில் வெளியே வந்தார். 1645-இல் ராணுவத்தை விட்டார், காரணம் மறுபடியும் ஒரு சத்தியம்: ஸ்காட்லாந்தோடு செய்த மத உடன்படிக்கையை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. 1646-இல் பிரபுக்கள் சபை அவரை விசாரணைக்கு இழுத்தபோது மண்டியிட மறுத்தார். குற்றப்பத்திரிகையை வாசிக்க வாசிக்க இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டார். நான் சாதாரணக் குடிமகன், என்னை விசாரிக்க என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதிகாரம், பிரபுக்களுக்கு ஏது என்பது வாதம். டவர் சிறையில் போட்டார்கள்.

பழகுவதற்குச் சுலபமான ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் லில்பர்ன் ஒருத்தர் மட்டும் மிஞ்சினால் ஜான் லில்பர்னோடும் லில்பர்ன் ஜானோடும் சண்டை போடுவார்கள் என்று ஒரு கேலி அப்போதே உலவியது. அவர் எழுதியதைப் படித்தால் அந்தக் கேலி நியாயம்தான் என்று தோன்றும், பக்கத்துக்குப் பக்கம் நான், எனக்கு, என்னை.

பார்லிமெண்ட்தானே ராஜாவை எதிர்த்துப் போராடியது? அதையே ஏன் திட்டினார்கள்?

நல்ல கேள்வி, எனக்கு இந்தக் கதையிலேயே சுவையான இடமும் இதுதான். ராஜா மக்களின் உரிமையை மிதிக்கிறார், மக்களுக்காக நாங்கள் ஆயுதம் எடுக்கிறோம் என்று சொல்லித்தான் பார்லிமெண்ட் ஆள் சேர்த்தது. அந்தப் பேச்சை உண்மை என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் லெவலர்கள். 1646-இல் போர் முடிகிறது. எண்ணிப் பார்த்தால் வரி கூடியிருக்கிறது. 1643-இல் வந்த எக்சைஸ் வரி, குடிக்கிற பீரிலிருந்து ஆரம்பித்து அன்றாடச் சரக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு அளப்பது நிற்கவில்லை. வியாபாரத்தில் ஏகபோகக் கம்பெனிகள் அப்படியே இருக்கின்றன. கடன் கட்ட முடியாதவன் சிறையில் கிடக்கிறான். நாடு முழுவதற்கும் ஒரே தேவாலய முறையைக் கட்டாயமாக்க நினைத்த பிரஸ்பிட்டேரியன் கட்சிக்காரர்கள் பழைய ஆயர்களின் இடத்தில் தாங்கள் உட்காரப் பார்க்கிறார்கள். அதற்கும் மேலே, 1640-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த பார்லிமெண்டை அதன் சம்மதம் இல்லாமல் யாரும் கலைக்க முடியாது என்று 1641-இல் சட்டமே ஆகிவிட்டது. இறங்காத நாற்காலி.

1646 ஜூலையில் "பல்லாயிரம் குடிமக்களின் முறையீடு" என்றொரு பிரசுரம் பார்லிமெண்டின் கீழவையான காமன்ஸ் சபையைப் பார்த்து எழுதப்பட்டு வெளியானது. பெயர் போடவில்லை, ஓவர்டனும் வால்வினும் எழுதியது என்பது பொதுவான கருத்து. அதில் ஒரு வரி: நாங்கள் உங்கள் முதலாளிகள், நீங்கள் எங்கள் ஏஜெண்டுகள். பழைய ஆங்கிலத்திலும் ஏஜெண்ட் என்ற அதே சொல்தான், நான் வலிந்து போடவில்லை. வியாபாரிகள் ஊரில் எழுதப்பட்ட அரசியல் அது. உன்னிடம் சரக்கை ஒப்படைத்தது நான், கணக்குக் காட்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

மனு கொடுத்தால் என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1647 மார்ச்சில் லெவலர்கள் தயாரித்த பெரிய மனுவை அதே காமன்ஸ் சபை, தூக்குப் போடுகிறவன் கையால் பொது இடத்தில் எரிக்கச் சொல்லி மே மாதம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு எழுத்தின் தொனி மாறுகிறது. பார்லிமெண்டிடம் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு, பார்லிமெண்டுக்கு மேலே மக்களே போட்டுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம் என்று பேசத் தொடங்குகிறார்கள்.

மாக்னா கார்ட்டாவைத்தான் திரும்பக் கேட்டார்களா?

1215-இல் ராஜாவிடமிருந்து பிரபுக்கள் வாங்கிய உரிமைச் சாசனம் அது. லில்பர்ன் கேட்டார். சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தியாயம், வரி என்று மேற்கோள் காட்டுவார். வால்வினுக்கு அதில் சலிப்பு. அவரும் நண்பர்தான், ஆனால் அந்தச் சாசனம் மக்கள் உரிமையில் ஒரு துண்டு, அதையே பிறப்புரிமை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி என்று 1645-இலேயே எழுதிவிட்டார். முன்சொன்ன முறையீட்டில் அதைப் பிச்சைக்காரத்தனமான சமாச்சாரம் என்றே திட்டியிருக்கிறது. 1066-இல் நார்மன் வில்லியம் ஜெயித்த நாளிலிருந்து நாம் அடிமைகள், அதற்குப் பிறகு வந்த சட்டமெல்லாம் நுகத்தடிக்குப் பூசிய எண்ணெய் என்ற ஒரு வரலாற்றுப் பார்வை அவர்களிடம் இருந்தது. வரலாறாக அது பெரிதாகத் தேறாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஓவர்டன் 1646 அக்டோபரில் வேறோர் இடத்துக்குப் போய்விட்டார்: நாம் எல்லோரும் இயற்கையால் சமம், ஒவ்வொருவனுக்கும் தன் மேல் தனக்கே உரிமை. டவர் சிறைக்கு அனுப்பப்பட்ட லில்பர்னைப் போலவே ஓவர்டனும் அப்போது பிரபுக்கள் சபையின் கைதி, நியூகேட் சிறையில்.

லெவலர் என்ற பெயர் எப்படி வந்தது?

எதிரிகள் வைத்தது. எல்லோரையும் எல்லாவற்றையும் மட்டம் தட்டிச் சமமாக்கிவிடுவார்கள், உன் நிலத்தைப் பிடுங்கி ஊருக்குப் பங்கு வைப்பார்கள் என்று பயமுறுத்த வைத்த பெயர். முன்பு 1607-இல் பொது நிலத்தை வளைத்துப் போட்ட வேலிகளை இடித்துத் தள்ளியவர்களுக்கும் இதே பெயர் இருந்தது. அடுத்தவன் சொத்தைத் தொட மாட்டோம் என்று லெவலர்கள் எத்தனையோ தடவை அச்சடித்துப் பார்த்தார்கள், பெயர் போகவில்லை.

அப்படியானால் டிக்கர்கள்?

அது வேறு ஆட்கள். 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் மற்றவர்களும் சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தைக் கொத்திப் பயிர் வைத்தார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்றவர்கள் அவர்கள்தான், தங்களை உண்மையான லெவலர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். லில்பர்ன் அவர்களோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

எங்கே அச்சடித்தார்கள்? மாட்டிக்கொள்ளவில்லையா?

கள்ள அச்சகங்களில், லண்டனுக்குள்ளேயே. மோப்பம் பிடிக்க அச்சு வியாபாரிகள் சங்கமே ஆள் வைத்திருந்தது, ஏனென்றால் அவர்களுடைய ஏகபோகத்துக்கும் அடி. முகப்பில் அச்சகத்தின் பெயர் போட வேண்டிய இடத்தில் ஓவர்டன் செய்த குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பிரசுரத்தில், சைக்ளோப்ஸ் மலைகளுக்குப் பின்புறம் மார்ட்டின் குருமார்பிறாண்டி அச்சடித்தது, கிடைக்குமிடம் குடிமகனின் சுதந்திரம் என்ற பலகை தொங்கும் கடை, கொடுமைக்கார நீதிமன்றத்துக்கு நேர் எதிரே என்று போட்டிருக்கிறார். முகவரி கேட்டுப் போகிற காவலாளியை நினைத்துப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டதும் உண்டு. 1646-இல் ஓவர்டனைச் சிறைக்கு நடக்கச் சொன்னபோது, என் கால்கள் சுதந்திரமாகப் பிறந்தவை, சட்டவிரோத உத்தரவுக்கு அவை நடக்காது, வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். தலைகீழாகவும் குறுக்காகவும் சேற்றில் இழுத்துக்கொண்டு போனார்கள். மார்போடு அணைத்திருந்த சட்டப் புத்தகத்தைப் பிடுங்குவதற்கு ஒரு தனி மல்லுக்கட்டு. இதையெல்லாம் அடுத்த பிரசுரத்தில் அவரே சிரிப்பு வருகிற மாதிரி எழுதியிருக்கிறார். 1647 ஜனவரியில் அவர் மனைவி மேரி ஓவர்டன், அச்சான தாள்களைத் தைத்துக்கொண்டிருக்கும்போது பிடிபட்டார். அவரும் நடக்க மறுத்தார். கைக்குழந்தையோடு தெருவில் இழுத்துப்போய் பிரைட்வெல் சிறையில் அடைத்தார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

மக்கள் ஒப்பந்தம் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

1647 அக்டோபர் கடைசியில் வந்த முதல் வடிவம் மிகச் சின்னது, ஒரு மூச்சில் படித்துவிடலாம். முதல் பகுதி தேர்தல். தொகுதிகளை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட வேண்டும் (கார்ன்வால் என்ற ஒற்றை மாவட்டத்துக்கு அப்போது 44 உறுப்பினர்கள் இருந்தார்கள்). இப்போதைய பார்லிமெண்ட் 1648 செப்டம்பர் கடைசி நாளில் கலைய வேண்டும். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல்.

இரண்டாம் பகுதியைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் படிக்கச் சொல்வேன். பார்லிமெண்டின் அதிகாரம் அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் அதிகாரத்துக்கு மட்டுமே கீழ்ப்பட்டது என்று சொல்லிவிட்டு, அந்தத் தேர்ந்தெடுத்தவர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளும் ஐந்து விஷயங்களைப் பட்டியல் போடுகிறார்கள். கடவுளை எப்படிக் கும்பிட வேண்டும் என்று பார்லிமெண்ட் கட்டாயப்படுத்தக்கூடாது. யாரையும் வலுக்கட்டாயமாகப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது. நடந்து முடிந்த போரில் சொன்னதற்கும் செய்ததற்கும் பிறகு யாரையும் குடையக்கூடாது. பிறப்பு, பட்டம், சொத்து எதைக் காட்டியும் யாரும் சட்டத்திலிருந்து நழுவக்கூடாது. சட்டங்கள் மக்களின் நலனைக் கெடுப்பதாக இருக்கக்கூடாது. ராஜாவுக்கு எல்லை போடுவது ஏற்கெனவே பழகிய சங்கதி. நாமே ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கும், அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், இதற்குமேல் கை நீட்டாதே என்று கோடு போடுவது வேறு. நம் அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பகுதி இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம், அந்த மாதிரி ஒரு பட்டியலை அன்று எந்த நாடும் எழுதி வைத்திருக்கவில்லை. இங்கிலாந்து பார்லிமெண்ட் தன்னைக் கட்டுப்படுத்தும் அப்படியோர் ஆவணத்தை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது தனிக் கதை.

1649 மே 1-இல் டவர் சிறையிலிருந்தே நால்வரும் (லில்பர்ன், ஓவர்டன், வால்வின், பிரின்ஸ்) வெளியிட்ட கடைசி வடிவம் இன்னும் விரிவானது. 400 உறுப்பினர்கள், வருஷாவருஷம் தேர்தல், ஒரு தடவை இருந்தவர் அடுத்த தடவை நிற்கக்கூடாது. எக்சைஸ் வரியும் பத்தில் ஒரு பங்கும் ஒழிய வேண்டும். கடனுக்குச் சிறை கூடாது. வழக்கு ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் ஜூரி. குற்ற வழக்கில் தனக்கெதிராகத் தானே பதில் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது. இந்தக் கடைசி ஷரத்தில் 1638-ஆம் ஆண்டுச் சாட்டையின் தழும்பு தெரிகிறது.

பட்னி விவாதம் என்பது?

ராணுவத்துக்குள் நடந்தது. சம்பளப் பாக்கி வைத்துவிட்டு ராணுவத்தைக் கலைத்து அயர்லாந்துக்கு அனுப்பப் பார்லிமெண்ட் திட்டம் போட, 1647-இல் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நாங்கள் கூலிப்படை இல்லை, மக்களின் உரிமைக்காக அழைக்கப்பட்டவர்கள் என்று ராணுவமே ஜூன் மாதம் ஓர் அறிக்கை விட்டது. அக்டோபர் 28 முதல் லண்டனுக்கு வெளியே பட்னியில் செயின்ட் மேரி தேவாலயத்தில் தளபதிகளும் சிப்பாய்களும் லண்டன் லெவலர்கள் சிலரும் உட்கார்ந்து மக்கள் ஒப்பந்தத்தை அலசினார்கள்.

யாருக்கு ஓட்டு என்ற இடத்தில் பொறி பறந்தது. இங்கிலாந்தின் மிகப் பெரியவனுக்கு வாழ ஒரு வாழ்க்கை இருப்பதுபோல மிக ஏழைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஆகவே ஓர் அரசாங்கத்தின் கீழ் வாழ்பவன் முதலில் தன் சம்மதத்தால் அதன் கீழ் வர வேண்டும் என்றார் ரெயின்ஸ்பரோ. கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன் மறுத்தார். இந்த நாட்டில் நிலையான சொத்து, நிலையான தொழில் உள்ளவனுக்குத்தான் ஓட்டு, இயற்கை உரிமை என்று ஆரம்பித்தால் நாளை அதே இயற்கை உரிமையால் என் சொத்தையும் கேட்பான். அயர்ட்டனை வில்லனாக்கிவிடுவது சுலபம், ஆனால் அந்த அறையில் மிகக் கூர்மையாக வாதாடியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். அதற்கு செக்ஸ்பி சொன்னது வாதமே இல்லை, வயிற்றெரிச்சல்: பிறப்புரிமைக்காக உயிரைப் பணயம் வைத்தோம், சொத்து இல்லாதவனுக்கு இந்த நாட்டில் உரிமையே இல்லை என்கிறீர்கள், இவ்வளவு ஏமாந்தோமா?

அவர்கள் பேசியது நமக்கு எப்படித் தெரியும்?

வில்லியம் கிளார்க் என்ற செயலாளர் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் தூங்கி, 1890 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆக, இருநூறு வருஷத்துக்கு மேல் ரெயின்ஸ்பரோவின் அந்த வாக்கியத்தை யாரும் படித்திருக்கவில்லை. பின்னால் வந்த புரட்சிக்காரர்கள் அதைப் படித்து உந்தப்பட்டார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

எல்லோருக்கும் ஓட்டு கேட்டார்களா?

இல்லை. கடைசி ஒப்பந்தத்தில் 21 வயதான ஆண்கள், அதிலும் வேலைக்காரர்கள், பிச்சை அல்லது உதவி வாங்குபவர்கள், ராஜாவுக்காக நின்றவர்கள் நீங்கலாக. ஓட்டு வெளிப்படையாகப் போடப்பட்ட காலம், வேலைக்காரன் எஜமானுக்குப் பயந்துதான் கை தூக்குவான் என்று பட்னியிலேயே அவர்கள் தரப்பு ஆள் ஒருவர் காரணம் சொன்னார். காரணம் புரிகிறது. ஆனால் பயப்படுகிறவனுக்குப் பாதுகாப்புத் தேடாமல் அவனையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. பெண்களுக்கு ஓட்டு என்ற பேச்சே எழவில்லை.

பெண்கள் இதில் இருந்தார்களா?

இருந்தார்கள், நிறையவே. தைத்தார்கள், சுமந்தார்கள், மனு எழுதினார்கள், சிறைக்குப் போனார்கள். 1649 ஏப்ரலில் நால்வரையும் விடுவிக்கச் சொல்லி நூற்றுக்கணக்கான பெண்கள் பார்லிமெண்ட் வாசலுக்குப் போனார்கள், கையில் பத்தாயிரம் கையெழுத்து என்று சொல்லப்பட்ட மனு. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்று பதில் வந்தது. கழுவுவதற்குப் பாத்திரம் ஏது, மிச்சமிருப்பதும் நிலைக்குமோ தெரியவில்லை என்றாள் ஒருத்தி. பெண்கள் மனு கொடுப்பது விசித்திரமாக இருக்கிறதே என்றார் ஓர் உறுப்பினர். நீங்கள் ராஜாவின் தலையை வெட்டியதும்தான் விசித்திரம், அதை நியாயம் என்பீர்கள் அல்லவா என்று வந்தது பதில். அந்த நாள் செய்தித்தாளில் இருப்பவை இவை, இட்டுக்கட்டியதில்லை. மே மாதம் மறுபடியும் ஒரு மனு, இந்த நாட்டின் ஆண்களோடு எங்களுக்கும் சமமான பங்கு இல்லையா என்று கேட்டது.

கட்சி மாதிரி அமைப்பு இருந்ததா?

ஓரளவு. சந்திப்பதற்கு ராயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் வேல்போன் என்ற மதுக்கடை. கையெழுத்து வேட்டைக்கும் சந்தாவுக்கும் ஆட்கள். 1648 செப்டம்பர் மனுவில் நாற்பதாயிரம் கையெழுத்து என்றார்கள். "மாடரேட்" என்று வாரப் பத்திரிகை இருந்தது. நிறம் கடல்பச்சை: 1648 அக்டோபரில் ரெயின்ஸ்பரோ டான்காஸ்டரில் கொல்லப்பட்டபோது, லண்டனில் சவ ஊர்வலத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் கடல்பச்சை ரிப்பன் கட்டி வந்தார்கள், அன்றிலிருந்து அதுவே அடையாளம்.

பிறகு ஏன் தோற்றார்கள்?

ராணுவம் கிராம்வெல் கையில் இருந்தது, அதுதான் முதல் பதில். பட்னி முடிந்த கையோடு 1647 நவம்பர் 15-இல் வேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் அணிவகுப்பு. சிலர் மக்கள் ஒப்பந்தத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்தார்கள். காகிதத்தைப் பிடுங்கிப் போட்டு, ரிச்சர்ட் ஆர்னால்ட் என்ற சிப்பாயை அங்கேயே சுட்டார்கள். 1649 ஜனவரி 30-இல் ராஜாவின் தலை விழுந்தது. லெவலர்கள் கேட்டது இது இல்லை. முதலில் மக்களின் ஒப்பந்தம், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார்கள். பிப்ரவரியிலேயே "இங்கிலாந்தின் புதிய விலங்குகள்" என்று லில்பர்ன் பிரசுரம் போட்டார், மார்ச்சில் இரண்டாம் பாகம், உடனே நால்வரும் கைது. பக்கத்து அறையில் கிராம்வெல் மேசையைக் குத்தி, இவர்களை நொறுக்காவிட்டால் இவர்கள் உங்களை நொறுக்குவார்கள் என்று கத்தியதைக் கதவில் காது வைத்துக் கேட்டேன் என்கிறார் லில்பர்ன். சாட்சி அவர் மட்டும்தான், ஆனாலும் அடுத்து நடந்தது அதற்குப் பொருந்துகிறது. 1640-இல் இவரை விடுவிக்கப் பேசிய அதே கிராம்வெல்.

ஏப்ரலில் லண்டனில் ராபர்ட் லாக்கியர் என்ற சிப்பாய் சுடப்பட்டார். மே மாதம் அயர்லாந்துப் போருக்குப் போக மறுத்தும் சம்பளம் கேட்டும் கிளர்ந்த படைப்பிரிவுகளை கிராம்வெல் விரட்டிப்போய் நள்ளிரவில் பர்ஃபோர்டில் மடக்கினார். 340 பேர் வரை ஊர்த் தேவாலயத்தில் அடைபட்டார்கள். மே 17-இல் தாம்ப்சன், பெர்க்கின்ஸ், சர்ச் என்ற மூவரைத் தேவாலயச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், மற்றவர்களைக் கூரை மேலிருந்து பார்க்கவைத்தார்கள்.

இன்னொரு பதிலும் உண்டு. இவர்களின் பலம் லண்டனும் சிப்பாய்களும்தான். கிராமத்து ஏழைக்கு நிலம்தான் கவலை, அதைப் பற்றி வேலிகளை இடிப்போம் என்பதற்கு மேல் இவர்களிடம் பேச்சில்லை. சுதந்திரமாகத் தேர்தல் வைத்திருந்தால் அன்றைய இங்கிலாந்து ராஜா பக்கம் சாய்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

லில்பர்ன் கதி?

1649 அக்டோபரில் தேசத்துரோக வழக்கு, தோற்றால் மரணம். ஜூரியைப் பார்த்து, உண்மையை மட்டுமில்லை, சட்டத்தையும் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான், நீதிபதிகள் வெறும் குமாஸ்தாக்கள் என்ற தொனியில் வாதாடினார். குற்றவாளி இல்லை என்றது ஜூரி. பிறகு நாடு கடத்தினார்கள். 1653-இல் சொல்லாமல் திரும்பி வந்தார், மறுபடி வழக்கு. லில்பர்ன் சாக வேண்டுமா, அறுபதாயிரம் பேர் காரணம் கேட்போம் என்று அச்சடித்த சீட்டுகள் ஊருக்குள் பறந்தன. இதுதான் அசல் பிட் நோட்டீஸ்! மறுபடி விடுதலைத் தீர்ப்பு, ஆனாலும் வெளியே விடவில்லை. ஜெர்சி தீவு, டோவர் என்று சிறைவாசம், கடைசியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சமயக் குழுவில் சேர்ந்தார். 1657 ஆகஸ்ட் 29-இல் இறந்தார்.

கேட்டதில் எது நடந்தது?

மெதுவாக, வேறு வழிகளில், பல. 1838-இல் ஓட்டுரிமை கேட்ட தொழிலாளர் இயக்கமான சார்ட்டிஸ்டுகள் வைத்த ஆறு கோரிக்கைகளில் வருஷத்துக்கொரு பார்லிமெண்ட் என்பது தவிர மற்ற ஐந்தும் பின்னால் நடந்தன. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற விதி ஆங்கிலேயச் சட்ட மரபில் ஊறி அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வந்தது. 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் லில்பர்னின் ஸ்டார் சேம்பர் விசாரணையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. நம் அரசியல் சட்டத்தில் அது 20-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. போலீஸ் ஸ்டேஷனில் அது எவ்வளவு நிற்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பட்னி தேவாலயம் இருக்கிறது. பர்ஃபோர்டில் 1975-இலிருந்து வருஷந்தோறும் மே மாதம் லெவலர் நாள் நடக்கிறது. அந்தத் தேவாலயத்துக்குள் ஞானஸ்நானத் தொட்டியின் ஈய விளிம்பைக் குனிந்து பாருங்கள். உள்ளே அடைபட்டிருந்தவர்களில் ஒருவர், வெளியே துப்பாக்கிச் சத்தம் எப்போது கேட்குமோ என்றிருந்த அந்த நாட்களில், கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்: ஆண்டனி செட்லி, 1649, கைதி. கைதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் இன்று நாம் போடும் ஓர் எழுத்து அதில் இல்லை.